கழுத்து பெல்ட்டு

இல்ல கண்ணு, நீ உக்காரு. நான் நின்னுக்கறேன். கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கற தெம்பு எனக்கு இருக்குது. அட, எந்திரிச்சே போட்டயா? சரி, இனி நான் உக்காராம நின்னா உனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும். மகராசியா இரு.

பாத்தயா, பக்கத்துல இருந்த அந்தண்ணன் ஒண்டிப்புதூர்லயே எறங்கிட்டாரு. வா, நீயும் பக்கத்துல உக்காரு. உன்ற பைய வேணும்னா எங்கிட்டக் குடு. இந்தக் கவரு மட்டும் மடியிலயே இருக்கட்டும், இது நசுங்கக்கூடாது.

ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. இந்தக் கழுத்து பெல்ட்டப் பாத்துத்தான எந்திரிச்ச? கூச்சப்படாத கண்ணு, அதுல என்ன இருக்குது. எல்லாருமே அப்படித்தான். கண்டக்டரு கூட என்னையப் பாத்து, "பாத்து ஏறுங்கம்மா, மெதுவா"ன்னாரு. இதே நான் இது இல்லாம ஏறியிருந்தா, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க"ன்னு வெரட்டியிருப்பாரு. அவரு மேல தப்பு இல்ல. அவருக்கு எப்படித் தெரியும்?

ஆசுபத்திரிக்குப் போயிட்டு வர்றேன். எனக்காகப் போகல. என்ற பொண்ணு தாரணிக்காகப் போனேன். கட்டிக் குடுத்து இன்னும் ஒரு வருசம் முழுசா ஆகல. காரணம்பேட்டை தாண்டி தண்ணித்தொட்டி ஸ்டாப்புன்னு ஒண்ணு வரும், அங்க எறங்கி உள்ள நடந்தா அவ ஊடு. இப்ப நேரா அங்கதான் போறேன். முதல்ல கழுத்து இறுகுதாம், அப்பறம் ஒரு பக்கத் தலைய வந்து புடிச்சுக்குதாம். எனக்கு வந்த அதே சீக்கு. அவளுக்கு ஒரு வழி பண்ணிப்போட்டுத்தான் நான் என்ற ஊட்டுக்குப் போகோணும்.

அவளையும் கூட்டிக்கிட்டுத்தான் போகலாம்னு இருந்தேன். சம்பந்தியம்மாகிட்டப் போன்ல கேட்டேன். "தலவலிக்கெல்லாமா கோயமுத்தூரு?"ன்னு கேட்டாங்க. கேட்டது ஞாயந்தான். நான் மட்டும் பஸ் ஏறிட்டேன்.

நீ எந்த ஊரு? சூலூரா? இப்ப அதுக்கும் அந்தாண்ட போறயா? அப்ப உனக்குத் தறிச் சத்தம் தெரிஞ்சிருக்கும். தெருவுல போறப்பக் கேக்கறது வேற கண்ணு. ஊட்டுக்குள்ள கேக்கறது வேற. எங்க ஊட்டுல பின்னால தறிக் கொட்டாய், முன்னால நாங்க. நடுவுல ஒரு செவுரு. அந்தச் செவுரு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அலமாரியில வெச்ச டம்ளரு தானா நவுந்துக்கிட்டே வந்து விளிம்புல நிக்கும். கல்யாணம் ஆகி வந்த புதுசுல அதப் பாத்து நான் பேயின்னு நெனச்சேன். எங்கத்தை சிரிச்சாங்க. எங்கத்தை எப்பவாச்சும்தான் சிரிப்பாங்க, அன்னைக்குச் சிரிச்சாங்க.

கொட்டாய்க்குள்ள ஆரும் பேச முடியாது. எல்லாம் கைசாடைதான். நூலு அறுந்தா ரெண்டு வெரலக் கத்திரியாட்டக் காட்டோணும். தார்னா ஊடை நூலு சுத்துன குச்சி, அது தீந்துபோச்சுன்னா கைய உருட்டிக் காட்டோணும். டீன்னா கட்டவெரலு வாய்க்கு. ஓனரு வர்றாருன்னா மீசையத் தடவறது. எங்களுதே சொந்தத் தறிதான், ஆனா நூலு குடுக்கறவரு ஓனராட்டத்தான் வருவாரு. நான் வந்து ஒரு மாசத்துலயே எல்லாச் சாடையும் கத்துக்கிட்டேன். தலவலிக்கு மட்டும் சாடை இல்ல.

நெசமாத்தான் சொல்றேன். தலையில கைய வெச்சுக் காட்டுனா எங்க ஊட்டுக்காரரு என்னன்னு மோவாயத் தூக்கிக் கேப்பாங்க. மறுக்கா காட்டுனா மோட்டார நிமுந்து பாப்பாங்க, மேல ஏதோ கோளாறுன்னு. கடைசில கிட்டப் போயி காதுல கத்தோணும். "தலவலி!" அவியளுக்குக் கேக்காது. "என்னது?" "தலவலீ!" நீயே நெனச்சுப் பாரு. ஒரு பக்கத் தல தெறிச்சுக்கிட்டு இருக்கறப்ப அதச் சொல்றதுக்கு அத்தன சத்தமாக் கத்தோணும்னா ஆருக்கு முடியும்? ரெண்டு தடவ கத்துனேன். அப்பறம் உட்டுட்டேன். சொல்லாம இருக்கறது கொஞ்சம் வலி கம்மி.

அவிய நல்ல மனுசருதான். குடி கெடையாது, கைய நீட்ட மாட்டாங்க. காதுல கேட்டிருந்தா ஏதாச்சும் பண்ணியிருப்பாங்க.

மொதல்ல கொட்டாவி வரும் கண்ணு. தூக்கம் வராத கொட்டாவி. காலைல எந்திரிச்சு வாசத் தெளிக்கறப்பவே வரும். அப்பறம் பொடனிக்குக் கீழ, இங்க, ஆரோ ரெண்டு வெரல வெச்சு அமுக்கிப் புடிச்சாப்பல இறுகும். திரும்ப முடியாது. மத்தியானம் வரைக்கும் அப்படியே இருக்கும். அதுக்கப்பறம் அது மெதுவா மேல ஏறி, காதுக்குப் பின்னால போயி, வலது கண்ணுக்குள்ள வந்து உக்காந்துக்கும். உக்காந்துட்டா அப்பறம் வெளிச்சம் ஆகாது. சோத்து வாசம் ஆகாது. சத்தம் ஆகாது.

சத்தம் ஆகாதுன்னு எங்க ஊட்டுல சொன்னா சிரிக்க மாட்டாங்களா? சத்தம் நின்னா சோறு நிக்கும்.

கரண்டு போனா மட்டுந்தான் நிக்கும். ஊரே நிக்கும். சட்டுனு ஒரு அமைதி வரும் பாரு, காக்கா கத்தறது கேக்கும், பக்கத்தூட்டுல தண்ணி மொள்றது கேக்கும். எல்லாரும் வெளிய வந்து ஈ.பி.க்காரனத் திட்டுவாங்க. நானும் கூட நின்னு திட்டுவேன். ஊரே திட்டறப்ப நாம திட்டாம நின்னா நல்லா இருக்காது. ஆனா உள்ளுக்குள்ள, இன்னுஞ் சித்த நேரம், இன்னுஞ் சித்த நேரம்னு இருக்கும். அது தப்புத்தான்.

ஒரு தீவாளி சீசன். வேட்டி ஆர்டரு மேல ஆர்டரு. பகல் சிப்ட்டு ஆளு ஊருக்குப் போனவன் திரும்பி வரல, நானுந்தான் தறில நின்னேன். அந்த வாரம் பூராவும் எனக்கு வலி. ஒண்ணு போறதுக்குள்ள அடுத்தது. வாந்தியெடுத்துப்போட்டு வந்து நிப்பேன், இழை அறுந்தா குனிஞ்சு முடிச்சுப் போடுவேன், நிமிந்தா கண்ணுல பூச்சி பறக்கும். தாங்காம ஒரு துண்டக் கிழிச்சு தலையச் சுத்தி இறுக்கிக் கட்டிக்கிட்டேன். அப்படிக் கட்டுனா கொஞ்சம் தேவலாம்.

எங்கத்தை வந்து பாத்தாங்க. பக்கத்துல வந்து அந்தத் துண்ட உருவி எறிஞ்சாங்க. வெளிய இழுத்துக்கிட்டு வந்து, "ஏண்டி சாந்தாமணி, தீவாளி ஆர்டரு ஓடற நேரத்துல எழவூட்டுக்காரியாட்டத் தலையில துண்டக் கட்டிக்கிட்டு நிக்கற? நூலுக்காரரு பாத்தா என்ன நெனப்பாரு?"ன்னாங்க. அதுவும் ஞாயந்தான். நல்ல காரியம் நடக்கற எடத்துல அப்படிக் கட்டக்கூடாது. எனக்கு அது அப்பத் தோணல.

அந்த வாரக் கடைசில கழுத்து அப்படியே நின்னுபோச்சு. இந்தப் பக்கமும் திரும்பல, அந்தப் பக்கமும் திரும்பல. அதப் பாத்ததும் எங்க ஊட்டுக்காரரே பயந்துட்டாங்க. ஏன்னா அது தெரிஞ்சுது. நான் திரும்பிப் பாக்கறதுன்னா முழு ஒடம்போட திரும்பினேன். உடனே வண்டில உக்கார வெச்சு ஒரு வைத்தியருகிட்டக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அவரு எண்ணெயத் தேச்சு, மோவாயப் புடிச்சு, ஒரு வெட்டு வெட்டுனாரு பாரு. நட்சத்திரமெல்லாம் பகல்ல பாத்தேன். அதுக்கப்பறம் இன்னும் எச்சாயிருச்சு. அப்பறம் டவுன்ல ஒரு எலும்பு டாக்டரு. அவரு படம் எடுத்தாரு. லைட்டுல வெச்சுக் காட்டி, "இங்க பாருங்க, கழுத்து எலும்பு தேஞ்சிருக்குது"ன்னாரு.

தேஞ்சிருக்குது. அந்த ஒரு வார்த்த போதும் கண்ணு, எங்க ஊட்டுக்காரருக்கு. தறிக்காரருக்கு அது தெரியாதா? பல்லுச்சக்கரம் தேயும், குறுக்க நூலு இழுத்துக்கிட்டு ஓடற நாடா தேயும், கட்டை தேயும். தேஞ்சதுகிட்டக் கோவிச்சுக்கிட்டு ஆவறதென்ன? வெளிய வந்து வண்டிய எடுத்துக்கிட்டே அவியளாவே சொன்னாங்க: "தேஞ்சா மாத்தோணும். மாத்த முடியாதுன்னா வேகத்தக் கொறச்சு ஓட்டோணும்." எங்கிட்ட அத்தன பாசமா அவிய பேசி நான் கேட்டதில்ல.

அன்னைக்குத்தான் டாக்டரு இந்த பெல்ட்டக் குடுத்தாரு. இதில்ல, இதுக்கு முன்னால இருந்தது. இது மூணாவதோ நாலாவதோ.

பெல்ட்டுக் கட்டிக்கிட்டு ஊருக்குள்ள வந்தா, தெரு பூராவும் எந்திரிச்சு நின்னு கேக்குது. "என்ன சாந்தாமணி, என்னாச்சு?" எங்கத்தை அவங்களே முன்னால வந்து பதில் சொல்றாங்க. "கழுத்து தேஞ்சுபோச்சாமா. எங்கூட்டுல அவதான அத்தன வேலையும் பாக்கறா, தேயாம என்ன பண்ணும்?" அத்தன வருசத்துல அவங்க வாயில அந்த வார்த்த வந்ததில்ல. அன்னைக்கு ராத்திரி தண்ணிக்கொடத்த எடுக்கப் போனேன், எங்க ஊட்டுக்காரரு வந்து வாங்கிக்கிட்டாங்க. எனக்கு அழுகையும் வரல, சந்தோசமும் வரல. பெல்ட்டுக்கு மேல மோவாய வெச்சுக்கிட்டு அப்படியே பாத்துக்கிட்டு நின்னேன்.

அதுலருந்து எனக்கு ஒரு வழி கெடச்சுது. கொட்டாவி வந்தா பெல்ட்ட எடுத்துக் கட்டிக்குவேன். பொய்யில்ல கண்ணு. கழுத்தும் வலிக்கத்தான் செய்யும், அதுலதான ஆரம்பிக்குது. பெல்ட்டுக் கட்டிக்கிட்டா ஆரும் தறிக்குக் கூப்புட மாட்டாங்க. தார் சுத்தறது, சோறாக்கறது, துணி தொவைக்கறது, அவ்வளவுதான். அதெல்லாம் ஒரு வேலையா? தல ரொம்ப முடியலைன்னா உள்ரூமுல போயி சித்த சாஞ்சுக்கலாம். எட்டிப் பாத்தா பெல்ட்டு தெரியும். ஒண்ணும் கேக்காம போயிருவாங்க.

ஒரே ஒரு நாள் மாட்டிக்கிட்டேன். பெல்ட்டத் தொவச்சுக் கொடில காயப் போட்டிருந்தேன். அன்னைக்குப் பாத்து வலி வந்துருச்சு. சாஞ்சிருந்தேன். எங்கத்தை வந்து நின்னு கொடியப் பாக்கறாங்க, என்னையப் பாக்கறாங்க. "பெல்ட்டுத்தான் அங்க தொங்குதே, அப்பறம் இங்க என்ன வலி?"ன்னு கேட்டாங்க. எந்திரிச்சுப் போயி ஈரத்தோட எடுத்துக் கட்டிக்கிட்டேன். அதப் பாத்துப்போட்டு அவங்க போயிட்டாங்க. அன்னைலருந்து தொவைக்கறதுன்னா ரெண்டு பெல்ட்டு வேணும்னு புரிஞ்சுது.

அப்பறம் கழட்டறதே இல்ல. வலி இல்லாத அன்னைக்குக் கழட்டுனா, வலி வர்ற அன்னைக்கு ஏன் கட்டறேன்னு பதில் சொல்லோணும். எப்பவும் கட்டியிருந்தா ஆரும் ஒண்ணும் கேக்கறதில்ல. வேர்க்கும், அரிக்கும், அது பழகிப்போச்சு. கீழ குனிஞ்சு காலப் பாக்க முடியாது, ஒண்ணு ரெண்டு தடவ தடுக்கி விழுந்தேன். அது ஒரு பெரிய விசியமில்ல.

தாரணி கல்யாணத்துல பட்டுச் சேல, நகை, அதுக்கு மேல பெல்ட்டு. போட்டோக்காரன், "அம்மா, ஒரே ஒரு போட்டோக்குக் கழட்டிருங்க"ன்னான். நான் கழட்டல. சம்பந்தியம்மா அவங்க கையாலயே எனக்குச் சேரு எடுத்துப் போட்டாங்க தெரியுமா? பொண்ணைப் பெத்தவளுக்கு மண்டபத்துல உக்கார்றதுக்கு நேரம் ஏது? நான் உக்காந்துக்கிட்டே கல்யாணம் பாத்தேன். அன்னைக்கும் வலிதான். மேளச் சத்தம். தாலி கட்டறப்ப வலது கண்ண மூடிக்கிட்டு எடது கண்ணுலதான் பாத்தேன்.

தாரணி சின்னப் புள்ளையா இருக்கறப்ப என்ற பெல்ட்ட எடுத்துக் கட்டிக்கிட்டு வெளையாடுவா. அது அவ தோள் வரைக்கும் வரும். "நாந்தான் அம்மா, எனக்கு முடியல, ஆரும் கூப்புடாதீங்க"ன்னு கட்டில்ல படுத்துக்குவா. எல்லாரும் சிரிப்போம். கெட்டிக்காரப் புள்ள. பி.காம். படிச்சிருக்குது.

அவ போன ஊட்டுலயும் தறிதான். எங்களுதவிட எச்சு. தறிக்காரருக்குத் தறிக்காரரு ஊட்டுலதான் சம்பந்தம் அமையுது, என்ன பண்றது? போன மாசம் போன்ல சொன்னா. "அம்மா, கழுத்து இறுகுதும்மா. அப்பறம் ஒரு பக்கத் தல. வாந்தி வருது. தறிகிட்ட நிக்க முடியல." மாமியா என்ன சொல்றாங்கன்னு கேட்டேன். "போன் பாத்தா தலவலி வரத்தான் செய்யும்"னு சொல்றாங்களாம். மாப்பளையும், "எங்களுக்கெல்லாம் தல இல்லையா?"ன்னு கேட்டாராம். ஒரு நாளு படுத்திருந்தாளாம், மாமியா வந்து லைட்டப் போட்டு உட்டுப்போட்டு, "எந்திரி, ஊட்டுக்கு ஒறம்பரை வருது, காப்பி போடு"ன்னாங்களாம்.

அவங்க மேலயும் தப்பு இல்ல. அவங்களுக்கு என்ன தெரியும்? நல்லா இருக்கற மூஞ்சி, நல்லா இருக்கற கழுத்து.

அப்பறம் அவ ஒண்ணு கேட்டா. "நீ எப்படிம்மா இத்தன வருசம் தாங்குன?" நான் எங்கடி தாங்குனேன், பெல்ட்டுல்ல தாங்குச்சுன்னேன். அவ சிரிக்கல. போன்ல பின்னால தறிச் சத்தம் கேட்டுது. அப்பறம், "நானும் உன்னாட்ட ஆயிருவேனாம்மா?"ன்னு கேட்டா. பயப்படாத, என்னாட்ட ஆவறதுக்கு இன்னும் நெறைய வருசம் கெடக்குதுன்னு தைரியம் சொன்னேன். போன வெச்சுட்டா.

அதுக்குத்தான் இன்னைக்குப் போனேன். எங்க ஊட்டுக்காரரு வரல, பொங்கலு ஆர்டரு. அவியளுக்கு எங்க நேரம்?

டாக்டரம்மா சின்ன வயசு. உன்னவிட நாலஞ்சு வயசு எச்சா இருக்கும். நான் பொண்ணப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சா, "முதல்ல உங்களச் சொல்லுங்க"ன்னாங்க. சொன்னேன். கொட்டாவி வருமான்னு கேட்டாங்க கண்ணு! நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னால கேட்டாங்க. அத்தன வருசத்துல ஒரு டாக்டரும் கேட்டதில்ல. கழுத்து முன்னாலயா, தல முன்னாலயா? வெளிச்சம் ஆகுமா? சத்தம் ஆகுமா? எல்லாம் கேட்டுப்போட்டு, "பெல்ட்டக் கழட்டுங்க, பாக்கலாம்"ன்னாங்க.

கழட்டுனேன். கழுத்துல காத்துப் பட்டுச்சு. அவங்க வெரல வெச்சு அங்கங்க அமுக்கிப் பாத்தாங்க, அப்படித் திரும்பு, இப்படித் திரும்புன்னாங்க. திரும்புச்சு. எனக்கே ஆச்சரியம். அப்பறம் என்ற முன்னால உக்காந்து சொன்னாங்க. "உங்க கழுத்துல பெருசா ஒண்ணும் இல்லம்மா. இந்தத் தேய்மானம் உங்க வயசுல நெறையப் பேருக்கு இருக்கறதுதான். உங்களுக்கு இருக்கறது ஒத்தத் தலவலி. கழுத்து வலி அதோட ஆரம்பம். தலவலிதான் கழுத்துல வந்து முதல்ல கதவத் தட்டுது. நீங்க இத்தன நாளும் கழுத்துக்கே வைத்தியம் பாத்திருக்கீங்க." வலி மாத்திரைய நானா வாங்கி வாங்கிப் போட்டதுலயே பாதி வலி வருதாம். பெல்ட்டுக் கட்டியே கழுத்துச் சத பலமில்லாம போயிருச்சாம். "இனி இது வேண்டாம். கொஞ்சங் கொஞ்சமாக் கழட்டிருங்க. மாத்திரை தர்றேன், தெனமும் போடுங்க, கொறையும்"னாங்க.

பொண்ணப் பத்திக் கேட்டேன். "அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வர்றது உண்டு. கூட்டிக்கிட்டு வாங்க. இப்பவே பாத்தா நல்லாக் கட்டுப்படுத்தலாம். உங்களாட்டக் கஷ்டப்பட வேண்டியதில்ல"ன்னாங்க. நல்ல மாதிரிதான் பேசுனாங்க. ஆனா படிச்சவங்களுக்குச் சிலது தெரியறதில்ல கண்ணு. "கழுத்துல ஒண்ணும் இல்ல"ன்னு சொல்றாங்களே, இதப் போயி நான் எங்கத்தைகிட்டச் சொல்ல முடியுமா? ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லதான். மறுநாளே தறிதான். "வலி வந்தா இருட்டு ரூமுல, சத்தமில்லாத எடத்துல படுங்க"ன்னாங்க. எங்க ஊருல சத்தமில்லாத எடம் எங்க இருக்குதுன்னு கேட்டேன். அவங்க சிரிச்சாங்க. நான் தமாசுக்குக் கேக்கல.

பெல்ட்டக் கையில புடிச்சுக்கிட்டு வெளிய வந்தேன். சொன்னபடி கேப்போம்னு நெனச்சுத்தான் வந்தேன், சத்தியமா. வராந்தா பூராவும் கூட்டம். கழுத்த இப்படி அப்படித் திருப்பிக்கிட்டு நடந்தேன், லேசா இருந்துச்சு. அப்பறம் ஒருத்தன் இடிச்சுப்போட்டுப் போனான், திரும்பிக்கூடப் பாக்கல. பெஞ்சுல ஒரு அம்மா பைய வெச்சிருந்தாங்க, சித்த எடுங்கன்னு கேட்டா, "ஆளு வருது"ன்னாங்க. மருந்துக் கடை வரிசைல நிக்கறேன், பின்னால இருக்கற பொம்பள, "நகரும்மா, நல்லாத்தான இருக்கற, சீக்கிரம் போ"ங்குது. நல்லாத்தான இருக்கற.

தல அப்பவே ஆரம்பிச்சிருச்சு. அந்த வெள்ள லைட்டு, அந்த ஆசுபத்திரி வாசம். செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன். என்ற தலைக்குள்ள என்ன நடக்குதுன்னு அத்தன கூட்டத்துல ஒருத்தருக்கும் தெரியாது. அப்பறம் பெல்ட்ட எடுத்துக் கட்டிக்கிட்டேன். உடனே அதே பொம்பள, "ஐயையோ, பாக்கலைங்கக்கா, நீங்க முன்னால போங்க"ன்னுச்சு. பெஞ்சுலருந்து பையும் எறங்குச்சு.

அப்பத்தான் எனக்கு எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுது. அந்தக் கடையிலயே கேட்டு வாங்குனேன். மாத்திரைச் சீட்டு பையில இருக்குது, இன்னொரு நாளைக்கு வாங்கிக்கலாம். மாத்திரை வயித்துக்குள்ள போயி மறைஞ்சுக்கும், அத ஆரு பாக்கப் போறாங்க? டாக்டரு என்ன சொன்னாங்கன்னு எங்க ஊட்டுக்காரரு கேட்டா, தேய்மானம் எச்சாயிருக்குதாமான்னு சொல்லிக்குவேன். சம்பந்தியம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிருவேன், இது எங்க பரம்பரைக் கழுத்து, அவளுக்கும் தேய ஆரம்பிச்சிருச்சு, டாக்டரு கட்டச் சொல்லிக் குடுத்தாங்கன்னு. கல்யாணத்துக்கு எத்தனையோ சீரு செஞ்சோம், பீரோ, கட்டிலு, மிக்சி. இது அப்பவே தோணியிருந்தா அதுகளோட சேத்துக் குடுத்திருக்கலாம்.

இந்தக் கவருல இருக்கறது அதான். பாரு, புதுசு. என்னுதாட்ட மொரட்டுக் கலரு இல்ல, சந்தனக் கலரு, சின்னப் புள்ளைக்கு எடுப்பா இருக்கும். கடைக்காரன் அளவு கேட்டான். கை அளவுல சொன்னேன், சரியா இருக்குமான்னுதான் வெசனமா இருக்குது.

காரணம்பேட்டை வந்துருச்சா? அடுத்தது என்ற ஸ்டாப்புதான். கண்ணு, ஒரு ஒதவி பண்ணறயா? நீ அவளாட்டத்தான் இருக்கற. அதே ஒசரம், அதே மெல்லிசுக் கழுத்து. ஒருக்காப் போட்டுப் பாரு. கழுவ வேண்டியதில்ல, புத்தம் புதுசு. முடியத் தூக்கிப் புடிச்சுக்கோ. மோவாய மேல தூக்கு, இன்னுங் கொஞ்சம். நானே பின்னால ஒட்டி உடறேன்.

ஆங், அளவு சரியாத்தான் இருக்குது. ஆடாத, அப்படியே நேரா உக்காரு. பாத்தயா? இனி ஆரும் உன்னைய எந்திரின்னு சொல்ல மாட்டாங்க.